பனியன் கம்பெனிக்கு விபிஎன் போடுவது எப்படி: ஹெட் ஆபீஸ், யூனிட், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள்

திருப்பூர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பது என் தொழில். விபிஎன் வேண்டும் என்று கூப்பிடுகிற பெரும்பாலான இடங்களில் கதை ஒரே மாதிரிதான் இருக்கும். கணக்கு சாஃப்ட்வேரான டேலி ஓடும் கம்ப்யூட்டர் அவிநாசி ரோடு ஹெட் ஆபீஸில். பில் போட வேண்டியவர் பல்லடம் யூனிட்டில். சரக்கு அனுப்புகிற வேலைக்குச் சென்னையில் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன ஆபீஸ். குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தே ஆர்டர் வேலையைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர். மாதத்தில் சில நாள் மட்டும் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் பையன். இவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல வேலை நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு கம்பெனியை மனதில் வைத்துத்தான்.

விபிஎன் என்றால் இன்டர்நெட்டின் உள்ளே உங்களுக்கு மட்டும் பூட்டிய ஒரு வழி. நடுவில் இருப்பவர் யாரும் உள்ளே போவதைப் படிக்க முடியாது, சாவி இல்லாதவர் உள்ளே வரவும் முடியாது. படம் பார்க்க ஊரை மாற்றிக் காட்டும் மொபைல் ஆப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் ஒன்று என்பதால் முதலாளிகள் பலர் ‘மாதம் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குதாமே தம்பி’ என்று கேட்பார்கள். அது வேறு சரக்கு.

இந்தப் பூட்டிய வழியைத்தான் சுரங்கம் என்கிறேன். சுரங்கத்தைப் போடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் தாளில் போட வேண்டிய திட்டத்துக்கும், அதற்குப் பின்னால் யாருக்கு எது வரை அனுமதி என்று பிரிப்பதற்கும்தான் நேரம் போகும். நேரத்தை அங்கே செலவழித்தால் அப்புறம் ராத்திரி போன் வராது.

தாளில் போட வேண்டியது

ஒவ்வொரு இடத்திலும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்தால் தெரியும். பத்தில் ஏழெட்டு இடத்தில் 192.168.1.0 என்றுதான் இருக்கும். பிஎஸ்என்எல் மோடம், ஏர்டெல் பெட்டி, கடையில் வாங்கின டிபி-லிங்க் எல்லாம் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று வருகின்றன. ஜியோ ஃபைபர் மட்டும் 192.168.29.1 என்று வரும். ஹெட் ஆபீஸும் யூனிட்டும் ஒரே வரிசையில் இருந்தால் விபிஎன் வேலை செய்யாது. பல்லடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் 192.168.1.10-ஐத் தேடினால், பக்கத்து மேசையில்தான் இருக்கும் என்று நினைத்து அங்கேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சுரங்கத்தின் பக்கம் போகவே போகாது.

அதனால் முகவரியை மாற்றியே ஆக வேண்டும். உள் நெட்வொர்க்குக்கு என்று 1996-ல் ஒதுக்கின வரிசைகள் மூன்று: 10-ல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168. வீட்டு மோடம்கள் எல்லாம் மூன்றாவதில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதால் நான் முதல் வரிசையில், யாரும் எடுக்காத ஒரு நம்பரைப் பிடித்துக்கொள்வேன். நம் கம்பெனிக்கு இப்படி:

ஹெட் ஆபீஸ் 10.21.1.0/24
பல்லடம் யூனிட் 10.21.2.0/24
சென்னை 10.21.3.0/24
சுரங்கத்துக்கு மட்டும் 10.21.100.0/24

/24 என்றால் கடைசி எண் மட்டும் மாறும் முழு வரிசை, பின்னால் வரும் /32 என்றால் ஒரே ஒரு முகவரி. மூன்றாவது எண்ணைப் பார்த்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். நாளைக்குப் பெருந்துறையில் ஒரு யூனிட் திறந்தால் 4 காத்திருக்கிறது.

முகவரி மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்கள் தானாக எடுத்துக்கொள்ளும், அவை பிரச்சினை இல்லை. கையால் முகவரி போட்டு வைத்திருக்கும் சாமான்கள்தான் தலைவலி: பிரின்டர், கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின், கேமரா ரெக்கார்டர், பார்கோடு பிரின்டர். கைரேகை மெஷினை மறந்துவிட்டால் திங்கள்கிழமை காலை ஷிப்ட்டில் தெரிந்துவிடும். மெஷின் பாட்டுக்கு விரலை வாங்கிக்கொள்ளும், ஆனால் சம்பள சாஃப்ட்வேருக்கு ஒரு வரிகூட வந்து சேராது.

வெளியிலிருந்து எட்டக்கூடிய ஒரு முகவரி

எல்லோரும் வந்து சேருகிற இடம் ஹெட் ஆபீஸ். அதற்கு மட்டும் நிஜமான பப்ளிக் ஐபி வேண்டும். யூனிட்டுக்கும் வீடுகளுக்கும் தேவையில்லை, அவர்கள் இங்கே வந்து கதவைத் தட்டினால் போதும்.

உங்களிடம் அது இருக்கிறதா என்று பார்க்க: ரவுட்டரின் உள்ளே போய், வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் என்ன முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் பிரவுசரில் ‘என் ஐபி என்ன’ என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால், இணைப்பு தருபவர் ஒரே பப்ளிக் முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து உங்களைத் தேடி யாரும் வர முடியாது. சில கேபிள்காரர்களின் இணைப்பில் 10-ல் தொடங்கும் முகவரியே வரும். அதுவும் இதே கதைதான்.

இணைப்பு தருபவரிடம் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பப்ளிக் முகவரி கேளுங்கள். பிசினஸ் பிளானில் கொடுப்பார்கள், தனிக் கட்டணம் இருக்கும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரிக்கு மாறாத ஒரு பெயர்) வைத்து ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு, ஓட்டவும் முடியும். ஆனால் நாம் போடப்போகும் விபிஎன் சாஃப்ட்வேரான வயர்கார்டு, பெயரை முகவரியாக மாற்றுவது சுரங்கம் தொடங்கும்போது ஒரு தடவைதான். ராத்திரி கரண்ட் போய் வந்து ஹெட் ஆபீஸின் முகவரி மாறிவிட்டால், பல்லடத்துப் பெட்டி காலையிலும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிபார்த்துத் திரும்பத் தொடங்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட வேண்டியிருக்கும்.

ஸ்டேட்டிக் ஐபி கிடைக்கவே கிடைக்காத இடத்தில் இரண்டு வழி. மும்பையிலோ பெங்களூரிலோ ஒரு சின்ன கிளவுட் சர்வர் வாடகைக்கு எடுத்து, எல்லா இடமும் அதில் வந்து சேருகிற மாதிரி வைக்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் என்ற ரெடிமேட் விபிஎன் சேவை. வயர்கார்டின் மேல் கட்டியது, இரண்டு பக்கமும் பங்கு முகவரியாக இருந்தாலும் வழி கண்டுபிடித்துவிடும், முடியாதபோது அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஐந்தாறு பேர் உள்ள ஆபீஸுக்கு நானே அதைச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் வெளியார் ஒருவரின் கணக்கு வழியாக நடக்கிறது என்பதை மட்டும் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த விபிஎன்

பிபிடிபி என்ற பழைய வகை வேண்டாம். விண்டோஸில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக இன்னும் சிலர் போடுகிறார்கள். அதன் கடவுச்சொல் முறையை எப்படி உடைப்பது என்று 2012-லேயே மேடை போட்டுக் காட்டிவிட்டார்கள். ஐபிசெக் நல்லது, இரண்டு பக்கமும் பெரிய கம்பெனி ஃபயர்வால் இருந்தால் அதையே போடுங்கள். போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) 500, 4500 இரண்டையும் திறக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொருத்த வேண்டிய அமைப்புகள் ஏராளம். ஓப்பன்விபிஎன் 2001 முதல் இருக்கிற பழைய ஆள், நம்பலாம். பயனர் பெயர், கடவுச்சொல், ஓடிபி எல்லாம் வேண்டும் என்றால் அதுதான் வசதி.

மற்ற எல்லோருக்கும் நான் போடுவது வயர்கார்டு. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். மைக்ரோடிக் ரவுட்டர்களில், அவற்றின் சிஸ்டமான ரவுட்டர்ஓஎஸ் 7 வந்தபோது கிடைத்தது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் ஆப் உண்டு. வேகம் நன்றாக இருக்கும், சின்ன ரவுட்டரே தாங்கும். மெர்ச்சண்டைசர் வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும் அறுபடாமல் தொடரும். குறையும் உண்டு: கடவுச்சொல், ஓடிபி எதுவும் அதில் இல்லை. சாவி வைத்திருக்கும் லேப்டாப் உள்ளே வரும், அவ்வளவுதான். அந்த லேப்டாப் யார் கையில் இருக்கிறது என்று அது கேட்காது. அதற்கு வேண்டிய பூட்டை உள்ளே இருக்கும் சர்வரில் போட வேண்டும்.

ஹெட் ஆபீஸும் யூனிட்டும்

மூன்று இடத்திலும் மைக்ரோடிக் ஹெக்ஸ் மாதிரி ஒரு சின்ன ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைப்பு தருபவர் கொடுத்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அப்போது பப்ளிக் முகவரி நேராக உங்கள் ரவுட்டருக்கு வரும். மறுத்தால் அந்தப் பெட்டியில் யுடிபி 51820 போர்ட்டை உங்கள் ரவுட்டருக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். அனுப்பும் முறையில் யுடிபி, டிசிபி என்று இரண்டு உண்டு. டிசிபி போட்டால் பிரயோஜனம் இல்லை, வயர்கார்டு யுடிபியில் மட்டும்தான் பேசும்.

ஹெட் ஆபீஸ் ரவுட்டரில் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் ஒன்று உருவாக்குங்கள். போர்ட் 51820. உருவாக்கியவுடன் அதுவே ஒரு ஜோடி சாவி செய்துகொள்ளும்: பிரைவேட் கீ, பப்ளிக் கீ. இரண்டும் 44 எழுத்து நீளம், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், அங்கேதான் மாறிப்போகும். பிரைவேட் கீ அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. பப்ளிக் கீயைத்தான் எதிர்ப்பக்கம் கொடுக்க வேண்டும். இன்டர்ஃபேஸுக்கு 10.21.100.1/24 என்று முகவரி கொடுங்கள். பல்லடத்திலும் இதே மாதிரி செய்து 10.21.100.2/24, சென்னையில் 10.21.100.3/24.

அடுத்தது பியர், அதாவது சுரங்கத்தின் எதிர்ப்பக்கம் இருக்கும் கருவி. ஹெட் ஆபீஸில் பல்லடத்தை ஒரு பியராகச் சேர்த்து, பல்லடத்தின் பப்ளிக் கீயைப் போட்டு, அலவுட் அட்ரஸ் என்ற இடத்தில் 10.21.100.2/32, 10.21.2.0/24 இரண்டையும் எழுதுங்கள். இந்த ஒரு கட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் வயர்கார்டு முழுக்கப் புரிந்த மாதிரி. அது இரண்டு வேலை செய்கிறது. வெளியே போகும்போது, ‘இந்த முகவரிக்குப் போவதெல்லாம் இந்தச் சாவிக்காரருக்கு’ என்று அனுப்பும். உள்ளே வரும்போது, ‘இந்தச் சாவிக்காரர் இந்த முகவரிகளின் பெயரில் மட்டும்தான் பேசலாம்’ என்று தடுக்கும். இரண்டு பியருக்கு ஒரே வரிசையை எழுதிவிடக் கூடாது.

பல்லடத்தில் ஹெட் ஆபீஸை பியராகச் சேர்க்கும்போது எண்ட்பாயிண்ட்டில் (எங்கே கூப்பிட வேண்டும் என்ற இடம்) ஹெட் ஆபீஸின் ஸ்டேட்டிக் ஐபியும் 51820-ம். அலவுட் அட்ரஸில் 10.21.100.0/24, 10.21.1.0/24, சென்னையும் பேச வேண்டுமென்றால் 10.21.3.0/24. பெர்சிஸ்டண்ட் கீப்அலைவ் 25 செகண்ட் என்று போடுங்கள். யூனிட் பக்கம் பங்கு முகவரியில் இருப்பதால், கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பெட்டி வழியை மூடிவிடும். அப்புறம் ஹெட் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் போய்ச் சேராது. 25 செகண்டுக்கு ஒரு தடவை சின்னதாக ஒரு பாக்கெட் போனால் வழி திறந்தே இருக்கும்.

லினக்ஸ் பெட்டியில் இதே வேலையைச் செய்தால் ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பு) தானாகவே சேர்ந்துவிடும். மைக்ரோடிக்கில் சேராது. 10.21.2.0/24 போக வேண்டுமென்றால் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் வழியாகப் போ என்று ரூட் பட்டியலில் கையால் எழுத வேண்டும், மூன்று இடத்திலும். லினக்ஸில் பழகியவர்கள் முதல் தடவை இங்கேதான் நின்றுவிடுவார்கள்.

ஃபயர்வாலில் இன்புட் (ரவுட்டருக்கே வருவது) பக்கம் யுடிபி 51820-க்கு அனுமதி கொடுத்து, அந்த வரியை எல்லாவற்றையும் தடுக்கும் கடைசி வரிக்கு மேலே இழுத்து வையுங்கள். மைக்ரோடிக்கின் வழக்கமான ஃபயர்வாலோடு ஒரு வேடிக்கை நடக்கும்: பல்லடத்திலிருந்து ஹெட் ஆபீஸ் டேலி சர்வர் பிங் ஆகும் (கூப்பிட்டால் பதில் வரும்), ஆனால் ஹெட் ஆபீஸ் ரவுட்டரே பிங் ஆகாது. லேன் (உள் நெட்வொர்க்) பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸிலிருந்து ரவுட்டரை நேராகக் கூப்பிடுவதை அது தடுத்து வைத்திருக்கிறது. சுரங்கம் போகவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட உட்காராதீர்கள். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை பிங் செய்து பாருங்கள்.

வீட்டிலிருந்து வருபவர்கள்

ஆளுக்கொரு சாவி, அதிலும் கருவிக்கொரு சாவி. மெர்ச்சண்டைசரின் லேப்டாப்புக்கு 10.21.100.50, போனுக்கு 10.21.100.51. சாவியும் அமைப்புகளும் உள்ள ஒரே கான்ஃபிக் ஃபைலை எல்லோருக்கும் அனுப்பினால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்கும்போது ஒருவர் மாற்றி ஒருவர் விழுந்துகொண்டே இருப்பார்கள். அது மட்டுமா, ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லோருடைய சாவியையும் மாற்ற வேண்டி வரும்.

லேப்டாப்பில் வயர்கார்டு ஆப் போட்டு, அதிலேயே சாவி உருவாக்கி, பப்ளிக் கீயை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்தாலும் பரவாயில்லை. முழு கான்ஃபிக்கை, பிரைவேட் கீயோடு சேர்த்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும். போனுக்கு க்யூஆர் கோடு காட்டினால் போதும், ஆளை நேரில் வரவழைத்து ஸ்கேன் செய்ய வையுங்கள்.

ஆப்பில் அலவுட் ஐபிஸ் (மைக்ரோடிக்கின் அலவுட் அட்ரஸ்தான்) என்ற இடத்தில் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரியும் என்று போட்டால் அவர் வீட்டில் பார்க்கும் யூடியூப் உட்பட எல்லாமே ஹெட் ஆபீஸ் லைன் வழியாகப் போகும். தேவையில்லை. 10.21.1.0/24 மட்டும் போடுங்கள். இன்னும் கறாராக, அவருக்கு வேண்டிய சர்வர் ஒன்றுதான் என்றால் 10.21.1.10/32. ஆனால் லேப்டாப்பில் எழுதியதை அவரே மாற்றிவிடலாம். அதனால் நிஜமான கட்டுப்பாட்டை ஹெட் ஆபீஸ் ரவுட்டரின் ஃபார்வர்ட் (ரவுட்டரைத் தாண்டிப் போவது) ஃபயர்வாலில் வையுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் பையன் 10.21.100.60-லிருந்து வந்தால் டேலி சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் மட்டும், மற்றது எல்லாம் தடை. கேமரா ரெக்கார்டரும் கைரேகை மெஷினும் அவருக்கு எதற்கு?

சோதிக்கும்போது ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு சோதிக்காதீர்கள். உள்ளிருந்து வெளி முகவரியைத் தட்டித் திரும்ப உள்ளே வருவதைப் பல ரவுட்டர்கள் கையாளாது. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் இன்னொன்று: அட்மின் உரிமை இல்லாத பயனர் சுரங்கத்தை ஆன், ஆஃப் செய்ய முடியாது. ஒரு தடவை ஆன் செய்தால் சர்வீஸாக ஓடும், ரீஸ்டார்ட் ஆனாலும் தானாக வரும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு நான் அப்படியே ஆனில் விட்டுவிடுவேன்.

டேலி மெதுவாக இருக்கிறது என்பார்கள்

சுரங்கம் போட்ட மறுநாள் வரும் முதல் போன் இதுதான். ‘கனெக்ட் ஆகுதுங்க, ஆனா டேலி நகரவே மாட்டேங்குது.’ விபிஎன்னில் கோளாறு இருக்காது. ஹெட் ஆபீஸில் இருக்கும் டேலி டேட்டா ஃபோல்டரைப் பல்லடத்திலிருந்து நெட்வொர்க் டிரைவாகத் திறந்திருப்பார்கள். அப்படித் திறந்தால் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கேள்வி போய் வரும். ஆபீஸுக்குள் ஒரு கேள்விக்கு ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. சுரங்கம் வழியாக 20 மில்லிசெகண்ட் ஆனால், ஆயிரம் கேள்விக்கு 20 செகண்ட். லைனை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு ஏற்றினாலும் இது குறையாது, ஏனென்றால் தாமதம் தூரத்தில் இருக்கிறது, அகலத்தில் இல்லை. அதைவிட மோசம், எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் டேட்டாவே கெட்டுப்போகலாம்.

இதற்கு வழி ரிமோட் டெஸ்க்டாப். டேலி ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும், திரை மட்டும் பல்லடத்துக்குப் போகட்டும். லைன் அறுந்தாலும் போட்ட வவுச்சர் அங்கேயே இருக்கும். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும், பலர் வர வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சும் வாங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை உடைக்கும் பேட்ச் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது பென்டிரைவோடு வருவார், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முன்பே ரிமோட் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி என்றால், ரவுட்டரில் 3389 போர்ட்டை நேராக வெளியே திறந்து வைத்திருப்பார்கள். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் போர்ட்டுகளை இரவு பகலாகத் தேடும் மெஷின்கள் இருக்கின்றன. 3389-ஐ 33890 என்று மாற்றி வைத்தாலும் அவை கண்டுபிடிக்கும். கடவுச்சொல்லை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்து உள்ளே வந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். சுரங்கம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த அன்றே அந்த ஃபார்வர்டை எடுத்துவிடுங்கள். கேமராக்காரர் திறந்து வைத்த போர்ட்டுகளையும் சேர்த்து.

கேமரா என்றதும் ஒன்று. முதலாளி வீட்டிலிருந்து எல்லாக் கேமராவையும் தெளிவாகப் பார்க்க ஆசைப்படுவார். பதினாறு கேமராவின் முழுப் படத்தையும் யூனிட் லைன் வழியாக அனுப்பினால் பில் போடுபவருக்கு லைன் மிஞ்சாது. ரெக்கார்டரில் சப் ஸ்ட்ரீம் என்று சின்னப் படம் ஒன்று உண்டு, வெளியே பார்ப்பதற்கு அதையே வையுங்கள்.

வேலை செய்யாதபோது

முதலில் பார்க்க வேண்டியது ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்’ நேரம், அதாவது இரண்டு பக்கமும் கடைசியாகச் சாவியைச் சரிபார்த்துக்கொண்ட நேரம். பேச்சு நடக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அது புதுப்பிக்கப்படும். மூன்று நிமிடத்தைத் தாண்டிப் பழையதாக இருந்தால் சுரங்கமே இல்லை. ஹேண்ட்ஷேக் புதியதாக இருந்தும் போய்ச் சேரவில்லை என்றால் சுரங்கத்தைத் தொடாதீர்கள். ரூட், அலவுட் ஐபி, ஃபயர்வால், இந்த மூன்றில் ஒன்று.

ஹேண்ட்ஷேக்கே நடக்காதபோது வயர்கார்டு எந்தக் காரணமும் சொல்லாது. தெரியாத சாவியோடு வந்தால் பதில் பேசாமல் விட்டுவிடுவது அதன் பாதுகாப்பு முறை. அனுப்பிய பைட் ஏறிக்கொண்டே போகும், வந்தது பூஜ்யத்தில் நிற்கும். போர்ட் ஃபார்வர்ட், முகவரி, சாவி மாறிப்போனது என்று வரிசையாகப் பாருங்கள்.

நேரமும் ஒரு காரணம். ஒரு யூனிட்டில் பழைய மினி பிசி ஒன்றில் வயர்கார்டு ஓடியது. கரண்ட் போய் வந்தால் சில நாள் சுரங்கம் வரும், சில நாள் வராது. அதன் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் பல வருஷத்துக்கு முந்தைய தேதியோடு எழுந்திருக்கும். ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை ஒன்று போகிறது, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரம் வந்தால் யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எதிர்ப்பக்கம் ஒதுக்கிவிடும். காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி ஒன்று மாற்றி, இன்டர்நெட் நேரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சுரங்கம் எழ வேண்டும் என்று வைத்ததோடு சரியாகிவிட்டது.

பிங் போகிறது, லாகின் திரைகூட வருகிறது, பெரிய பக்கம் திறந்தால் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சாதாரண லைனில் ஒரு பாக்கெட் 1500 பைட். வயர்கார்டு தன் உறைக்கு 80 வரை எடுத்துக்கொள்வதால் வழக்கமாக 1420 வைத்திருக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ லைன் என்றால் மொத்தமே 1492, அதனால் 1412 போடுங்கள். மொபைல் டேட்டாவில் வருபவர்களுக்கு நான் யோசிக்காமல் 1280 போட்டுவிடுவேன், வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் ஷேர் ஆபீஸுக்குள் திறக்கிறது, சுரங்கம் வழியாகத் திறக்கவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். ஃபைல் ஷேரிங் விதி ‘லோக்கல் சப்நெட்’ என்று மட்டும் இருக்கும். 10.21-ல் தொடங்கும் எல்லாவற்றையும், அதாவது 10.21.0.0/16-ஐ அதில் சேருங்கள். ஃபயர்வாலையே ஆஃப் செய்துவிடுவதும் பலன் தரும்தான், ஆனால் அப்படிச் செய்பவரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள்.

சாவிப் பட்டியலும் பதிவுகளும்

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நிறுத்தப்பட்டது ஞாபகம் இருக்கலாம். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய விபிஎன் கணக்கு ஒன்று வழியாகத்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள், அதில் கடவுச்சொல் தவிர இரண்டாவது பூட்டு இல்லை. நம் ஊரில் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறுவது சகஜம், பெரும்பாலும் அடுத்த தெருவில் இருக்கும் போட்டிக் கம்பெனிக்கே போவார்கள். பையரின் (சரக்கு வாங்குபவரின்) விலைப் பட்டியல் உள்ளே இருக்கிறது. கடைசி சம்பளம் போடும் பட்டியலில் ‘விபிஎன் சாவி நீக்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடச் சொல்லி எச்ஆர் மேடத்திடம் கேளுங்கள். நீக்குவது அந்த ஒரு பியரை டிசேபிள் செய்வதுதான், அரை நிமிடம் ஆகாது. பியர் ஒவ்வொன்றின் கமெண்டிலும் ஆள் பெயர், கருவி, கொடுத்த தேதி எழுதியிருந்தால்தான் எது யாருடையது என்று அப்போது தெரியும்.

சட்டப் பக்கமும் கொஞ்சம். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று வந்ததும் சில முதலாளிகள் பயந்துவிட்டார்கள். அந்தப் பகுதி பொதுமக்களுக்கு விபிஎன் விற்பவர்களுக்கு. கம்பெனி தன் ஆட்களுக்குப் போட்டுக்கொள்வது அதில் வராது என்று அவர்களே விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் அதே உத்தரவில் கம்பெனிகளுக்கும் பொருந்துவது உண்டு: கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாள் வைத்திருப்பது, கருவிகளின் நேரத்தை அரசின் நேர சர்வரோடு ஒத்துப்போக வைப்பது, தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. வயர்கார்டு தானாக யார் எப்போது வந்தார் என்று எழுதி வைக்காது. அதனால் ரவுட்டர் ஃபயர்வாலில் வயர்கார்டு பக்கமிருந்து வரும் புது இணைப்புகளுக்கு லாக் போட்டு, ஹெட் ஆபீஸில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டருக்கு சிஸ்லாக் (பதிவுகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறை) ஆக அனுப்புங்கள். ரவுட்டருக்குள்ளேயே வைத்தால் ரீஸ்டார்ட்டில் போய்விடும்.

கடைசி வேலை பேக்கப். ஐப்பசி மழைக்கு இடி இறங்கி ரவுட்டர் கருகுவது இங்கே சாதாரணம். மைக்ரோடிக்கில் பேக்கப் ஃபைல் அதே பெட்டிக்குத் திரும்பப் போடுவதற்கு, வேறு மாடல் வாங்கினால் உதவாது. எல்லா அமைப்பையும் எழுத்தாகத் தரும் எக்ஸ்போர்ட் எடுங்கள். ஆனால் ரவுட்டர்ஓஎஸ் 7 எக்ஸ்போர்ட்டில் ரகசியங்களை விட்டுவிடும், ‘ஷோ சென்சிடிவ்’ சேர்த்தால்தான் பிரைவேட் கீயும் வரும். அந்த ஃபைலை மெயிலில் அனுப்பாமல் பென்டிரைவில் போட்டு முதலாளியின் லாக்கரில் வையுங்கள். புது ரவுட்டரில் ஹெட் ஆபீஸின் அதே பிரைவேட் கீயை ஏற்றினால் பல்லடம், சென்னை, வீட்டில் இருப்பவர்கள் யாருடைய கருவியிலும் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. புதுச் சாவி உருவாக்க வேண்டி வந்தால், ஒவ்வொருவராக போன் போட்டு 44 எழுத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.